சுங்கை சிப்புட்டில் இரவு நேரத்துக்கு ஃபைபர் லைன் தேவை

வணக்கம். வரும் செவ்வாய் இரவு 9.40-க்கு (அங்கே மாலை 3.40) ஐரோப்பாவில் நடக்கும் ஓர் அல்கோரிதம் மாநாட்டில் நான் இணையவழி பேச வேண்டும், விசா நேரத்துக்கு வரவில்லை. கோட்பாட்டுக் கணினியியலில் ஆய்விதழை விட மாநாடுதான் பெரிது, 1969-இல் தொடங்கிய ஸ்டாக் (STOC) என்ற கோட்பாட்டுக் கணினியியல் மாநாட்டிலிருந்தே அப்படித்தான், அதனால் இதை விட மனமில்லை.

எங்கள் வீடு பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்குள். ஃபைபர் கிடையாது, 4ஜி ரவுட்டர்தான் (டிபி-லிங்க் ஆர்ச்சர் எம்ஆர்600). பகலில் பரவாயில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அப்லோட் 1 எம்பிபிஎஸ்-க்குக் கீழே போய்விடுகிறது, எனக்கு எதிராளி பேசுவது கேட்கும், என் குரல் மட்டும் பாதி வார்த்தையில் அறுந்து போகும். மழை என்றால் சுத்தம். ரவுட்டரில் கோளாறு இல்லை, டவுனில் வைத்துப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது.

வேறு சிம், டவர் பக்கத்து ஜன்னல், வீடியோவை அணைப்பது எல்லாம் பார்த்தாச்சு. ஸ்லைடுகளை அங்கே இருக்கும், என்னோடு கட்டுரை எழுதியவரே திருப்புவார், ஆனாலும் குரல் நிற்கவில்லை. உரையை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பலாம், சரி, ஆனால் கேள்வி நேரம் நேரலையாகத்தான் இருக்க வேண்டுமாம். கீழ்வரம்பு நிரூபணத்தில் (எந்த அல்கோரிதமாலும் இதை விடச் சிறப்பாகச் செய்ய முடியாது என்று காட்டுவது) எதிரி உள்ளீட்டை, அதாவது அல்கோரிதத்தைத் திணறடிக்கும் உள்ளீட்டை, எப்படிக் கட்டுகிறோம் என்பதைத்தான் எல்லாரும் துருவுவார்கள், அங்கே குரல் அறுந்தால் பேசியதே வீண். நூலகமும் டியூஷன் சென்டரும் அந்த நேரத்தில் பூட்டியிருக்கும்.

சுங்கை சிப்புட் டவுனில் ஃபைபர் உள்ள வீடோ கடையோ, செவ்வாய் இரவு 9 முதல் 10.30 வரை அமைதியான ஓர் அறை தர முடிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?