"வாண்டா" (1970): இவ்வளவு அடங்கிப் போகிறவளின் கதை எப்படிப் பெண்ணியப் படமாகும்?

வானதி:
பார்பரா லோடன் எழுதி, இயக்கி, தாமே முதன்மைப் பாத்திரமேற்ற "வாண்டா" படத்தை அண்மையில் பார்த்தேன். பெண்ணியத் திரைப்படங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இப்படத்தின் பெயரும் சேர்ந்தே வருகிறது. ஆனால் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் வாழும் வாண்டா, மணவிலக்கு வழக்குக்குத் தலையில் முடி சுருட்டும் கர்லர்களோடு தாமதமாக வந்து சேர்கிறாள். பிள்ளைகள் கணவனிடம் இருப்பதே அவர்களுக்கு நல்லது என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். பிறகு டென்னிஸ் என்ற திருடனோடு ஒட்டிக்கொண்டு, அவன் திட்டினாலும் அடித்தாலும் கூடவே போகிறாள். படம் வெளிவந்த காலத்திலேயே பெண்ணியவாதிகள் சிலர் இதற்காக அதனை ஏற்க மறுத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இதில் பெண்ணியம் எங்கே இருக்கிறது?

செழியன்:
நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பும் பின்பும் அவள் எங்கெங்கே போகிறாள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அக்காள் வீட்டுச் சோபாவில் தூங்கி எழுகிறாள். அந்த வீட்டில் அவள் இருப்பது மைத்துனருக்குப் பிடிக்கவில்லை. முன்பு வேலை பார்த்த தையல் ஆலைக்குப் போய் மீண்டும் வேலை கேட்டால், உன் கை வேகம் போதாது என்று முதலாளி குரலை உயர்த்தாமலே அனுப்பிவிடுகிறார். வீடு, ஆலை, நீதிமன்றம் என்று எந்த இடத்திலும் அவளுக்கென்று ஓர் இடம் இல்லை. இதைக் காட்டிவிட்டு, பிள்ளைகளைக் கைவிட்ட தாயைப் படம் எங்கேயும் கண்டிக்கவில்லை. அவளுக்காக வாதாடவும் இல்லை. தாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை ஒரு வசனம்கூட இல்லாமல் தள்ளி வைத்த இந்தத் துணிவையே நான் பெண்ணியம் என்பேன்.

கதையின் வித்து ஒரு செய்தித்தாள் செய்தி. வங்கிக் கொள்ளைக்கு உடந்தையாக இருந்த பெண் ஒருவர், தமக்குச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதிக்கு நன்றி சொன்னாராம். சிறைக்குப் போவதே ஆறுதலாகத் தோன்றும் அளவுக்கு அவருடைய வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி லோடனை விடவில்லை. வட கரோலினாவில் 1932இல் பிறந்து, 1964இல் டோனி விருது பெறும் அளவுக்கு நாடக மேடையில் உயர்ந்தவர் அவர். ஆனாலும் தாமும் நெடுங்காலம் வாண்டாவைப் போலவே வாழ்ந்ததாகப் பேட்டிகளில் கூறியிருக்கிறார்.

மருதம்:
எடுத்த விதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்த நிக்கோலஸ் புரோஃபெரஸ் உட்பட நான்கு பேர் அளவிலான குழு, 16 மி.மீ. படச்சுருள், பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்கள், பின்னணி இசையே கிடையாது. தொடக்கத்தில் வெள்ளை உடையில் ஒரு சிறு உருவம் கரிமேடுகளுக்கு நடுவே நடந்துபோவதை வெகு தொலைவிலிருந்து கேமரா பொறுமையாகத் தொடர்கிறது. இவ்வளவு நேரம் இதை ஏன் பார்க்கிறோம் என்று நமக்குத் தோன்றத் தொடங்கும்போதுதான், யாரும் திரும்பிப் பார்க்காத ஒருத்தியை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது உறைக்கிறது. அக்காலத்து ஹாலிவுட் கொள்ளையர் படங்களில் கதாநாயகிக்குக் கிடைத்த அழகும் கவர்ச்சியும் இவளுக்கு வேண்டாம் என்று லோடன் முடிவு செய்திருந்தார். கணவர் எலியா கசான் புகழ்பெற்ற இயக்குநர் என்பதால் இப்படத்தை அவரோடு சேர்த்தே பேசுவோர் இன்றும் உண்டு. அந்தப் பழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

வானதி:
தையல் ஆலைக் காட்சியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் டென்னிஸ் அவளுடைய கர்லர்களையும் பேண்ட்டையும் காரிலிருந்து தூக்கி எறியும்போதும் அவள் எதிர்க்கவில்லையே. வங்கிக் கொள்ளைக்காக இருவரும் புகும் வங்கி மேலாளர் வீட்டில், நீ நன்றாகச் செய்தாய் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னதும் அவள் முகம் மலர்கிறது. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

யாழினி:
அந்த மலர்ச்சி தாங்க முடியாததாக இருக்க வேண்டும் என்றுதான் லோடன் அதை அங்கே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதுவரை அவள் எதையாவது நன்றாகச் செய்ததாக ஒருவரும் சொன்னதில்லை; முதன்முதலாகக் கிடைத்த பாராட்டு ஒரு கொள்ளையனிடமிருந்து, ஒரு குற்றத்துக்காகக் கிடைக்கிறது. ஆயினும் அவள் கடைசிவரை எதிர்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கொள்ளையில் டென்னிஸ் இறந்த பிறகு படைவீரன் ஒருவன் காருக்குள் அவளைப் பலவந்தப்படுத்த முயலும்போது, கத்தி, அடித்து, திமிறிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறாள். அதன்பின் அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டதாகப் பொய் சொல்லவும் லோடன் ஒப்பவில்லை.

வெற்றி பெறும் பெண்களைத் திரையில் காண 1970இல் ஏங்கியவர்களுடைய ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அத்தகைய படத்தில் வாண்டா போன்றவளுக்கு இடமே இருந்திருக்காது. வெனிஸ் திரைப்பட விழாவில் விருது பெற்றும் அமெரிக்காவில் இப்படம் மிகக் குறைவாகவே திரையிடப்பட்டது. லோடனுக்கு வேறொரு முழுநீளப் படம் எடுக்க வாய்க்கவில்லை. 1980இல், 48 வயதில், புற்றுநோயால் இறந்தார். மீட்டெடுக்கப்பட்ட படியை 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகம் வெளிக்கொணர்ந்தது. மீண்டும் பார்ப்பதாக இருந்தால் அந்தப் படியையே தேடிப் பாருங்கள்.