‘கனெக்டட் டிவைஸ்’: ‘தொடர்புறு கருவி’ எனலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ‘கனெக்டட் டிவைஸ்’, ‘அனலிட்டிக்ஸ்’, ‘சஸ்டெயினபிள் பிசினஸ் மேனேஜ்மென்ட்’ ஆகியவற்றுக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

‘கனெக்டட் டிவைஸ்’ என்பதற்கு ‘இணைக்கப்பட்ட சாதனம்’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைத் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

கழிவுநீர்க் குழாயில் பொருத்திய, நீரோட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் எப்போதுமே குழாயோடு இணைக்கப்பட்டதுதான். ஆள் போய் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவார். அதே மீட்டர், தான் அளந்ததைத் தானே சர்வருக்கு அனுப்பத் தொடங்கும்போதுதான் நாம் பெயர் தேடும் பொருளாகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல், மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்குக் கட்டாயமாக்கிய இணையவழிக் கண்காணிப்புக் கருவிகள் இத்தகையவை. ‘இணைக்கப்பட்ட’ என்பதோ, யாரோ ஒருமுறை இணைத்துவிட்டுப் போனதாக மட்டுமே ஒலிக்கிறது.

‘இணைகருவி’ என்ற வினைத்தொகைதான் எனக்கு முதலில் தோன்றியது. ஊறுகாயைப் போல முக்காலத்துக்கும் பொருந்தும், சுருக்கமும் உண்டு. ஆனால் இணை இயக்குநர், இணைகரம் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது இரட்டைக் கருவியாகத் தோன்றிவிடும். ஆகவே ‘தொடர்புறு கருவி’யை முன்வைக்கிறேன். இதிலும் காலம் மறைந்தே நிற்கிறது: தொடர்பு உற்ற, உறுகின்ற, உறும் கருவி.

‘அனலிட்டிக்ஸ்’ என்பதற்குப் ‘பகுப்பாய்வு’ போதும். ‘இயல்’ சேர்த்தால் பாடத்துறையின் பெயராகிவிடும். பட்டறையில் நடப்பதோ, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீரும் எவ்வளவு உப்பும் செலவாயின என்று ஒப்பிடுவதும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. சவ்வு அடைபடுவதை அதன் வழியே வரும் நீர் குறைவதிலிருந்தே கண்டுகொள்வதும் ஆகிய அன்றாட வேலை.

‘சஸ்டெயினபிள்’ என்ற சொல்தான் என்னை நெடுநேரம் நிறுத்தியது. ‘நீடித்த வணிக மேலாண்மை’ என்றால், நெடுங்காலம் நடக்கும் வணிகம் என்றே படிப்பவர் கொள்வார். திருப்பூரில் சாயத்தொழில் நீடித்துத்தான் நடந்தது, அங்கு ஓடும் நொய்யல் ஆறுதான் கெட்டது. அந்த ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, உழவர்கள் நீதிமன்றப் படியேறி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்குப் போன ஒரு தொழிலுக்கும் ‘நீடித்த’ என்ற அடைமொழி பொருந்திவிடுகிறது என்றால், அச்சொல் நமக்கு உதவாது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘பேண்தகு’ என்பதையே பரிந்துரைக்கிறேன். ‘பேண்’ என்ற வினையில் ஆற்றையும் நிலத்தையும் காக்கும் கடமை ஒட்டியிருக்கிறது. ‘நீடி’ என்பதில் அது இல்லை.

‘தொடர்புறு’ என்பதைச் சொல்லிப் பார்க்கையில், வல்லினம் அடுத்து வரும் ‘தொடர்புறு கருவி’ எளிதாக வருகிறது. ‘தொடர்புறு உணரி’ (உணரி என்பது சென்சார்) என்கையில் இரண்டு உகரங்கள் மோதுகின்றன. அதைத் ‘தொடர்புறுணரி’ என்று புணர்த்தினால் உணரி என்ற சொல்லே மறைந்துவிடுகிறது. பிரித்தே எழுதலாம் என்பது என் எண்ணம். இலக்கணம் அறிந்தவர்கள் இந்த ஓரிடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.