நிஷாகந்தி மொட்டுகள் விரியும் முன்பே உதிர்கின்றன, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் வீடு. அம்மிச்சி வீட்டிலிருந்து ஒடித்து வந்து நட்ட நிஷாகந்தி இது. அவர் இதைப் பிரம்ம கமலம் என்றுதான் சொல்வார். இமயமலையின் பிரம்ம கமலம் வேறு செடி. இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் கள்ளி. மரத்தின் சாற்றை உறிஞ்சாது, இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இலை போலத் தெரிவது தட்டையான தண்டு. அதன் ஓரத்துப் பள்ளங்களிலிருந்துதான் மொட்டு வரும்.

இந்த ஆண்டு ஏழு மொட்டுகள் வந்தன. காம்பு தொங்கி, பிறகு கொக்கி போல மேலே வளைந்தபோது வீடே காத்திருந்தது. கட்டைவிரல் அளவு ஆனதும் கழுத்துப் பகுதி மஞ்சளாகி, தொட்டாலே கையோடு வந்துவிட்டது. ஆறு போய்விட்டன; ஒன்றுதான் மிச்சம்.

தொட்டியில் செம்மண்ணும் தொழுவுரமும் பாதிக்குப் பாதி. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். மொட்டு வந்த பிறகு, வெயிலுக்குப் பயந்து தொட்டியைத் திண்ணைக்கு மாற்றினேன். அந்த இடமாற்றம்தான் காரணமா, வேரில் ஈரம் தேங்கியதா? தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் கலந்து மாற்றி நடலாம் என்று நினைக்கிறேன். மொட்டு இருக்கும்போதே செய்யலாமா, பூத்து முடியும்வரை பொறுக்க வேண்டுமா?

ஒரே இரவு விரிந்து, விடிவதற்குள் வாடிவிடும் பூ. அம்மிச்சிக்கு எண்பது வயதாகிறது. இந்த ஒன்றையாவது அவரை அழைத்து வந்து காட்ட வேண்டும். கொங்குப் பகுதியில் வளர்ப்பவர்கள் தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.