விடியற்காலைக் குளிரில் ஓடினால் தொண்டை எரிகிறது, போட்டியோ சென்னையில். என்ன செய்யலாம்?

காவேரிப்பட்டணம் டீச்சர்:

வணக்கம். அரசுப் பள்ளியில் வேலை, எட்டேகாலுக்கு பஸ்ஸைப் பிடிக்கணும். அதனால் ஓட்டம் என்றால் எனக்கு விடியற்காலை ஐந்தேகால்தான். ஜனவரி முதல் ஞாயிறு சென்னையில் அரை மாரத்தான், 21.1 கி.மீ. பணம் கட்டியாச்சு. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்கணும் என்று ஆசை.

கார்த்திகை வரை ஒன்றும் தெரியவில்லை. மார்கழி பிறந்ததும் கதையே வேறு. நேற்று போன் 14 டிகிரி காட்டியது. ஊரைத் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவில் போகும் ரோட்டில்தான் ஓடுகிறேன். முதல் இரண்டு கிலோமீட்டர் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், அப்புறம் இளகிவிடும். அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பாதி தூரத்தில் தொண்டை எரிய ஆரம்பிக்கிறது. வீட்டு வாசலில் வந்து நின்றதும் இருமல் பிடித்துக்கொள்ளும். முதல் பீரியடுக்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. "பனியில தலையைக் காட்டினா இப்படித்தான்" என்று மாமியார் சுக்குக் கஷாயத்தோடு காத்திருக்கிறார்.

இதில் வேடிக்கை, வேகம் கூடியிருக்கிறது! அக்டோபரில் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். இப்போது அதே மூச்சுக்கு 6.50 (ஆறு நிமிடம் ஐம்பது நொடி). இதை நம்பிச் சென்னையில் ஓடலாமா? ஸ்வெட்டர் போட்டால் கொஞ்ச தூரத்தில் நனைந்துவிடுகிறது, போடாவிட்டால் நடுக்கம். நீங்கள் எல்லாம் என்ன போடுகிறீர்கள்?

ஓசூர் நைட் ஷிப்ட்:

14க்கே இப்படியா டீச்சர், ஒரு நாள் தளிப் பக்கம் வந்து ஓடிப் பாருங்க!

ஸ்வெட்டரை விடுங்க. வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் சரியான உடை. குளிரே தெரியவில்லை என்றால் சீக்கிரமே நனைந்துவிடும், நனைந்த துணி பனிக்காற்றில் இன்னும் குளிரும். மெல்லிசு பாலியஸ்டர் முழுக்கை ஒன்று, காதை மூடுகிற மாதிரி ஒரு துணி, அவ்வளவுதான். பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். கைக்கு நான் பழைய சாக்ஸ் மாட்டிக்கொள்வேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கிளம்பும் முன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடுங்க, படி ஏறி இறங்குங்க. மூடுபனியில் ரோட்டின் வலது பக்கமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி ஓடணும். வெளுத்த சட்டை, கையில் ஒரு டார்ச். பால் வண்டிக்காரர் நம்மைப் பார்ப்பார் என்று நம்பி ஓடக் கூடாது.

சந்தூர் மாந்தோப்பு:

ஒன்று கேட்கணும் டீச்சரம்மா. எரிச்சல் தினமும் ஒரே இடத்திலா ஆரம்பிக்கிறது? இப்போது மா பூவெடுக்கிற நேரம். பூங்கொத்தில் தத்துப்பூச்சி விழுந்தால் காய் பிடிக்காது, அதனால் எங்கள் பக்கம் தோப்புக்குத் தோப்பு மருந்தடிப்பு நடக்கிறது. காற்று அடங்கிய நேரம் பார்த்துத்தான் அடிப்போம், அதாவது விடியற்காலை, இல்லாவிட்டால் சாயங்காலம். நீங்கள் பனியைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், தப்பு எங்கள் டேங்க் மேலேயும் இருக்கலாம்! டிராக்டர் ஸ்பிரேயர் சத்தம் கேட்டாலோ, மருந்து வாடை வந்தாலோ அந்த ரோட்டை விட்டுத் திரும்பிவிடுங்க.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

அண்ணா, இது தோன்றவே இல்லை. பெரிய தோப்பு தாண்டிய பிறகுதான் எரிச்சல் வருகிறது. ஆனால் ஞாயிறன்று கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஓடியபோதும் கொஞ்சம் இருமல் இருந்ததே. இன்னொரு சந்தேகம்: குளிர்காற்று தொண்டையை வறட்டும் என்கிறார்கள். பனி கொட்டுகிற காற்றில் ஈரம்தானே இருக்கு, வறட்சி எங்கிருந்து வரும்?

தருமபுரி பிசியோ:

நல்ல கேள்வி. 14 டிகிரி காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் சுமார் 12 கிராம் நீராவிதான் தாங்கும். நுரையீரலுக்குப் போவதற்குள் அது 37 டிகிரிக்குச் சூடாகணும். அந்தச் சூட்டில் 44 கிராம் வரை தாங்கும். மீதியை மூச்சுக்குழாயின் உள்தோல்தான் கொடுக்கிறது. சும்மா நடக்கும்போது மூக்கே இதைப் பார்த்துக்கொள்ளும். வேகமாக ஓடும்போது வாயால் இழுக்கிறோம், மூக்கின் வேலை தொண்டைக்குப் போய்விடுகிறது. உள்தோல் வறண்டால் சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். ஓடி நிறுத்திய பிறகு இருமல் வந்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்குவது இதன் அடையாளம்.

மெல்லிய துண்டை மூக்கையும் வாயையும் மூடித் தளர்வாகக் கட்டுங்க. விடுகிற மூச்சின் ஈரமும் சூடும் அதில் தங்கி, உள்ளே போகும் காற்றோடு திரும்பி வரும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்திலேயே ஓடுங்க. மாமியார் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடிக்கலாம், ஆனால் மூச்சுக்குழாய்ச் சுருக்கத்துக்கு அது மருந்தில்லை. நெஞ்சில் இறுக்கமோ விசில் சத்தமோ இருந்தால் போட்டிக்கு முன்பே நெஞ்சக மருத்துவரைப் பாருங்க. ஓடுவதற்கு முன் இழுக்கிற இன்ஹேலர் உண்டு, அதை அவர்தான் எழுதித் தரணும்.

புகையும் ஒரு காரணம். இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்று மேலே போகாமல் தேங்கி நிற்கும். குப்பை எரித்த புகை, லாரிப் புகை எல்லாம் வெயில் ஏறும்வரை நம் மூக்கு மட்டத்திலேயே கிடக்கும். பைபாஸ் பக்கம் போகவே போகாதீங்க.

வேளச்சேரி, சொந்த ஊர் பென்னாகரம்:

டீச்சர், உங்க வேகத்துக்கு வருகிறேன். அந்த 6.50ல் பாதி உங்கள் உழைப்பு, பாதி குளிர் கொடுத்த சலுகை. சென்னையில் ஜனவரி விடியற்காலையே 21, 22 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். வியர்வை வடியும், காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ரத்தம் தோலுக்கு ஓடவேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறிவிடும். ஊரில் ஓடிப் பழகி இங்கே வந்த புதிதில் கடற்கரை ரோட்டில் எனக்குப் பாதி தூரத்திலேயே நடைதான்.

வெக்கைக்கு உடம்பு பழக பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அரையாண்டு விடுமுறை வருகிறதே, அந்த நாட்களில் விடியற்காலையை விட்டுவிட்டுப் பத்து மணி வெயிலில் நாற்பது நிமிடம், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் ஓடுங்க. நீண்ட ஓட்டம் மட்டும் காலையில் இருக்கட்டும். கடைசி வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்க. குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் குடித்தபடி ஓடும் பழக்கமும் விட்டுப்போயிருக்கும், அதையும் இந்த வெயில் ஓட்டத்தில் பழகிக்கொள்ளலாம்.

போட்டியில் முதல் ஐந்து கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 7.20ஐ விட வேகமாக ஓட வேண்டாம். அப்போதும் மூச்சு இடம் கொடுத்தால் மெதுவாகக் கூட்டுங்க. இரண்டரை மணி கணக்கைப் பத்தாவது கிலோமீட்டர் வரை எடுக்கவே வேண்டாம்.

ஓசூர் நைட் ஷிப்ட்:

வெயிலுக்குக் காத்திருப்பானேன், விடியற்காலையிலேயே ரெயின்கோட் மாட்டி ஓடினால் சூடு பழகிவிடுமே?

தருமபுரி பிசியோ:

வேண்டாம் தம்பி. இன்னொரு உடுப்பு கூடப் போட்டு மெதுவாக ஓடுவது சரி. ரெயின்கோட் வியர்வையை அடைத்துவிடும், உள்சூடு எங்கே போகிறதென்று நமக்கே தெரியாது. தனியாக, இருட்டில், கண்டிப்பாக வேண்டாம்.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நாளையிலிருந்து தோப்பு ரோட்டை விட்டுவிட்டு, துண்டு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போகிறேன். அங்கேயும் இருமல் வந்தால் டாக்டர். வெயில் ஓட்டம் 24ஆம் தேதி ஆரம்பம். மாமியார் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: போட்டி அன்று காலையில் ஒரு உருண்டை ராகிக் களி போட்டுவிட்டு ஓடினால் தெம்பாக இருக்காதா?

வேளச்சேரி, சொந்த ஊர் பென்னாகரம்:

முந்தின நாள் மதியம் தாராளமாகப் போடச் சொல்லுங்க. அன்று காலையில் ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும் போதும். களி வயிற்றிலேயே உட்கார்ந்துகொள்ளும், எனக்கு அனுபவம் உண்டு. ஓடி முடித்துவிட்டு வீட்டுக்கு வாங்க, கீரை கடைசலோடு இங்கேயே கிண்டித் தருகிறோம்.