‘கூட்டுறவு விளையாட்டு’ வேண்டாம், ‘கூட்டாட்டம்’ ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உடற்கல்விச் சொற்பட்டியலில் ‘cooperative games’ என்பதற்குக் ‘கூட்டுறவு விளையாட்டு’ என்று பதிந்திருப்பதைப் பார்த்தேன். எனக்குப் பயிர்க்கடனும் ரேஷன் கடை வரிசையும்தான் நினைவுக்கு வந்தன. ‘ஒத்துழைப்பு விளையாட்டு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். விளையாடும் நேரத்திலுமா பிள்ளைகளை உழைக்கச் சொல்வது?

‘குழு விளையாட்டு’ பொருந்தவே பொருந்தாது. கபடியில் ஏழு பேர் சங்கிலியாகக் கைகோத்து நிற்கிறார்கள். அவர்களுக்குள் ஒத்துழைப்புக்கு என்ன குறை? ஆனால் அதெல்லாம் பாடி வருபவனை அமுக்குவதற்கு. கனடாவின் விளையாட்டு உளவியலாளர் டெர்ரி ஆர்லிக் போன்றவர்கள் 1970களில் பரப்பிய இந்த வகை ஆட்டங்களில் எதிரணியே கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லாருக்கும் தோல்வி.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இசை நாற்காலியில் பாட்டு நின்றதும் இடம் கிடைக்காத பிள்ளை வெளியே போக வேண்டும். பெரும்பாலும் மெதுவாக நடக்கும் பிள்ளைதான் முதலில் போகும். மீதி நேரம் முழுக்க மரத்தடிதான். நாங்கள் மாற்றி ஆடியபோது நாற்காலிகளை மட்டும் எடுத்தோம், பிள்ளைகளை எடுக்கவில்லை. பாட்டு நின்றால் எல்லாரும் மிச்சமுள்ள நாற்காலியைத் தொட்டுக்கொண்டாவது இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு மூன்று, இரண்டு என்று குறைந்து ஒன்றானபோது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் வளையத் தொடங்கிவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி, “என்னுடையதும் நாற்காலிதானே, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றாள். பிரேக்கையும் அவளே போட்டாள். ஐந்து பேர் அந்தப் பக்கம் தாவினார்கள். அப்படி ஒரு விதி அதுவரை இல்லை, இப்போது இருக்கிறது.

அன்றுவரை அவள் எங்கள் மைதானத்தில் ஒப்புக்குச் சப்பாணிதான். (பலர் ‘உப்புக்கு’ என்கிறார்கள், உப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பெயருக்குச் சேர்த்துக்கொண்டு கணக்கில் எடுக்காத பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயரே கால் முடியாதவரைக் குறிக்கும் சொல்! 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், விளையாட்டு வாய்ப்பும் மற்றவர்களுக்குச் சமமாக வேண்டும் என்கிறது. அவளை ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிட்டு, அதைச் ‘சமம்’ என்று பதிவேட்டில் எழுதிய பாவத்தை நானும் செய்திருக்கிறேன்.

ஆகவே ‘கூட்டாட்டம்’ என்று வைத்துக்கொள்வோமே. கூட்டாஞ்சோற்றை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டு அரிசி, இன்னொரு வீட்டுப் பருப்பு. ஒன்றும் கொண்டுவராதவன் சுள்ளி பொறுக்குவான். எல்லாரும் ஒரே அளவு கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, சோறு மட்டும் பொது. சொல்லும் வளைந்து கொடுக்கிறது: ‘கூட்டாட்ட வகுப்பு’, ‘இந்த ஆட்டத்தைக் கூட்டாட்டமாக மாற்றலாமா?’

* * *

ஐயா, கூட்டாஞ்சோறு நல்ல பொருத்தம். ஆனால் இரண்டு தடைகள். கேரளத்தில் கூடியாட்டம் என்ற வடமொழி நாடகக் கலை இருக்கிறது, 2001இல் யுனெஸ்கோவே அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது. இணையத்தில் தேடுகிறவர்கள் குழம்புவார்கள். அடுத்து, ‘ஆட்டம்’ என்றதும் கரகாட்டம், ஒயிலாட்டம் வரிசையில் போய் நின்றுவிடாதா? ‘கைகோப்பு விளையாட்டு’ எப்படி?

* * *

அம்மா, ‘கைகோப்பு’ காதுக்கு இனிமைதான். கை இல்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்தப் பெயரை எப்படிச் சொல்லி அழைப்பேன்? அதனால்தான் தயங்குகிறேன். கூடியாட்டத்தோடு குழப்பம் வரலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடலாம். நடனத் தடையை மட்டும் ஏற்க மாட்டேன். பந்தாட்டம், சீட்டாட்டம், கோலியாட்டம் எல்லாம் நம்மிடம் உண்டு. யாரும் சலங்கை கட்டிக்கொண்டு வருவதில்லை.

பட்டியலுக்கு என் வரைவு: ‘கூட்டாட்டம் – எதிரணி இன்றி, ஆடுவோர் அனைவரும் ஒரே இலக்கை நோக்கி ஆடும் ஆட்டம், இதில் எவரும் ஆட்டமிழப்பதில்லை.’ ‘ஆட்டமிழப்பு’ கிரிக்கெட் வருணனைக்காரர்களின் உபயம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிப்பதை ‘உள்ளடக்கிய கல்வி’ என்கிறோமே, அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன். அதற்குள் இருக்கும் ‘அடக்கு’ எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது.