நரம்பியல் பன்முகத்தன்மை கையேடு: எங்கிருந்து திருத்துவது?

கேள்வி:
பல்கலைக்கழகத்தில் ஆறு பேர் சேர்ந்து மூளை இயங்கும் விதத்தில் உள்ள வேறுபாடுகளான ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனத்தையும் துடிப்பையும் கட்டுப்படுத்துவதில் சிரமம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) பற்றிச் சக மாணவர்களுக்குக் கையேடும் காணொளிகளும் தயாரிக்கிறோம், பொறுப்பு என்னுடையது. முதல் வரைவு 40 பக்கம் வந்துவிட்டது. டிஸ்லெக்சியா உள்ள தோழி மூன்றாம் பக்கத்திலேயே மூடிவைத்துவிட்டாள். யாருக்காக எழுதினோமோ அவளாலேயே படிக்க முடியவில்லை என்பது மனதை உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் அவரைக் குழுவில் சேருங்கள். கடைசியில் பிழை பார்க்க அல்ல, எதை எழுதுவது என்று முடிவெடுக்கும்போதே. நாங்கள் 'கவனக்குறைவு' என்று தலைப்பு வைத்திருந்தோம், ஏடிஎச்டி உள்ள மாணவர் ஒருவர் தனக்குக் கவனம் குறைவு இல்லை, அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் பாடு என்று சொன்ன பிறகு அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினோம். அப்புறம், அவர்கள் செலவிடும் நேரத்துக்குத் துறையிடம் கேட்டு ஊதியம் வாங்கிக் கொடுங்கள்.

பதில் 2:
இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டுவதற்கான டபிள்யூசிஏஜி 2.1 வழிகாட்டியின் ஏஏ நிலைப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள், இரண்டு பக்கமும் இழுத்தால் சொற்களுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடிக் கண்ணைத் திசைதிருப்பும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். காணொளிக்குத் தானாக வரும் வசனவரியில் கலைச்சொற்கள் சிதைந்துபோகும், ஒருவர் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

பதில் 3:
ஆட்டிசம் ஒரு பெட்டி, ஏடிஎச்டி ஒரு பெட்டி என்று பிரிக்காதீர்கள். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். 2013இல் டிஎஸ்எம்-5 (மனநல நோயறிதலுக்கான அமெரிக்கக் கையேடு) வரும்வரை இரண்டையும் சேர்த்துக் கண்டறிய அதன் முந்தைய பதிப்பில் இடமில்லை, அதனால் பாதி விடையோடு வளர்ந்தவர்கள் உண்டு.

கேள்வி கேட்டவர்:
சரி, தோழியிடம் இன்றே பேசுகிறேன். 40 பக்கத்தைத் தலைப்புக்கு ஒரு பக்கமாக உடைக்கிறோம்.