கண்டெய்னரில் ஓடும் போஸ்ட்கிரெஸுடன் டிபீவர் இணைய மறுக்கிறது

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 11 கணினியில் டாக்கர் டெஸ்க்டாப் (நிரல்களைக் கண்டெய்னர் எனும் தனித்த சூழலில் இயக்கும் மென்பொருள்) வழியாக போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தளத்தை இயக்குகிறேன். போர்ட் 5432:5432 என்று கொடுத்திருக்கிறேன். டாக்கர் எக்ஸெக் மூலம் கண்டெய்னருக்குள் சென்று, போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லைத் திறந்தால் அட்டவணைகள் அனைத்தும் தெரிகின்றன. ஆனால் டிபீவர் என்ற தரவுத்தள மேலாண்மைச் செயலியில் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி), 5432 என்று கொடுத்து, கண்டெய்னர் அமைப்புகளை எழுதியுள்ள கம்போஸ் கோப்பில் உள்ள அதே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால், கடவுச்சொல் சரிபார்ப்பு தோல்வி என்ற பிழையே வருகிறது. உள்ளே செல்லுபடியாவது வெளியிலிருந்து ஏன் செல்லவில்லை?

பதில் 1:
உள்ளே கடவுச்சொல் கேட்கப்படுவதே இல்லை. போஸ்ட்கிரெஸின் அதிகாரப்பூர்வ இமேஜில் (கண்டெய்னர் உருவாகப் பயன்படும் அச்சு), கண்டெய்னருக்குள்ளேயே தொடங்கும் இணைப்புகளுக்கு, கடவுச்சொல் கேட்காமல் அனுமதிக்கும் 'டிரஸ்ட்' முறை அமைக்கப்பட்டிருப்பதால், அந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. பிழைச் செய்திதான் நல்ல தடயம். போர்ட் மூடியிருந்தால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்திருக்கும். கடவுச்சொல் தவறு என்று வருவதால், ஏதோ ஒரு சர்வர் பதில் சொல்கிறது. அது உங்கள் கண்டெய்னர்தானா என்று அறிய, கண்டெய்னரை நிறுத்திவிட்டு டிபீவரில் மீண்டும் இணைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
நிறுத்திய பிறகும் அதே பிழை வருகிறது. விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் போஸ்ட்கிரெஸ் 14 ஓடுகிறது. வேறொரு திட்டத்தின் தரவு அதில் இருப்பதால் அதை நீக்க முடியாது.

பதில் 1:
அப்படியானால் 5432-இல் டிபீவருக்குப் பதில் சொல்வது அந்தப் போஸ்ட்கிரெஸ் 14-தான். அதை நீக்க வேண்டியதில்லை. கம்போஸ் கோப்பில் 127.0.0.1:5433:5432 என்று மாற்றுங்கள். நடுவில் இருப்பது உங்கள் கணினியின் போர்ட், கடைசியில் இருப்பது கண்டெய்னரின் போர்ட், 127.0.0.1 என்று சேர்ப்பதால் வலையமைப்பில் உள்ள பிற கணினிகள் தரவுத்தளத்தை அணுக முடியாது. ரீஸ்டார்ட் செய்தால் இந்த மாற்றம் ஏறாது. 'டாக்கர் கம்போஸ் அப்' கொடுத்தால்தான் கண்டெய்னர் புதிதாக உருவாகும். டிபீவரிலும் 5433 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பதில் 2:
அதன் பிறகும் கடவுச்சொல் பிழை வந்தால் வால்யூமை (கண்டெய்னரின் தரவு சேமிக்கப்படும் இடம்) கவனியுங்கள். கம்போஸில் தரும் கடவுச்சொல், தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தில் மட்டுமே படிக்கப்படுகிறது. பிறகு அதை மாற்றினாலும் பழைய கடவுச்சொல்லே நீடிக்கும். வால்யூமை அழித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், தரவு முழுவதும் போய்விடும். கண்டெய்னருக்குள் பிஎஸ்கியூஎல்லைத் திறந்து, 'ஆல்டர் யூசர்' கட்டளையால் புதிய கடவுச்சொல்லை அமைத்தாலே போதும்.

கேட்டவர்:
5433-க்கு மாற்றியும் முதலில் பிழை வந்தது. ஆல்டர் யூசர் கொடுத்ததும் இணைந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. அதே கம்போஸில் உள்ள என் வலைச் செயலியிலும் 5433 என்று மாற்ற வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். கண்டெய்னர்கள் தமக்குள் கம்போஸ் கோப்பில் உள்ள சர்வீஸ் பெயரைக் கொண்டே பேசிக்கொள்கின்றன. அங்கே போர்ட் 5432-தான்.